கட்டிங் மாஸ்டருக்கு வேர்க்கிறது

எங்கள் கட்டிங் அறையில் நான்கு ஃபேன்கள் இருந்தன. நான் அங்கே மாஸ்டராக இருந்த முதல் இருபத்தாறு வருஷத்தில், மேசைமேல் துணி விரித்திருக்கும் நேரத்தில் அவற்றில் ஒன்றுகூடச் சுற்றியது கிடையாது.

பனியன் துணி அவ்வளவு லேசு. நீளமான மேசைமேல் எண்பது, நூறு அடுக்காக விரிப்போம். மேல் துணியில் சட்டை அளவுக்கு வெட்டிய அட்டையை வைத்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் வழியாக மிஷினை ஓட்டி மொத்த அடுக்கையும் ஒரே வெட்டாக வெட்டுவோம். ஃபேன் சுற்றினால் ஓரம் எழும்பும், சுருளும், நகரும். மேலே ஒரு விரல்கடை நகர்ந்தால் கீழே இருக்கிற அத்தனை சட்டைக்கும் தோள்பட்டை கோணல். அதனால் சித்திரை மாதமானாலும் எங்கள் அறையில் காற்று கிடையாது. சுவிட்ச் பக்கம் கை போனவர்களை நான் திட்டிய திட்டுக்கு, அவர்கள் மறுநாள் வேலைக்கு வந்ததே பெரிய விஷயம். பீகாரிலிருந்து வந்த ஹெல்பர், முப்பது வயதுக்காரன், இரண்டு பிள்ளைகளின் அப்பன், தமிழில் முதலில் கற்றுக்கொண்ட வாக்கியம் "ஃபேன் போடாதே" என்பதுதான். என்னைப் போலவே மூக்கை விடைத்துக்கொண்டு அதைச் சொல்லிக் காட்டி எல்லோரையும் சிரிக்கவைப்பான்.

அப்படி ஃபேனே போடவிடாத எனக்குத்தான் அறுபத்திரண்டாவது வயதில் அந்த ஆபரேஷன் நடந்தது.

ஒன்றுக்குப் போவதில் கொஞ்ச நாளாகவே தொந்தரவு இருந்தது. வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். இடுப்பு வலித்தது. நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கிறவனுக்கு இடுப்பு வலிக்காமல் மூக்கா வலிக்கும் என்று அதையும் விட்டுவிட்டேன். கடைசியில் என் மனைவி இழுத்துக்கொண்டு போனதில் கோயம்புத்தூர் டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு எங்கள் இருவரையும் எதிரில் உட்காரவைத்துச் சொன்னார். புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. முழுசாகக் குணமாக்க முடியாது, ஆனால் கட்டுக்குள் வைத்திருக்கலாம். எத்தனை வருஷத்துக்கு என்று மட்டும் தன்னைக் கேட்க வேண்டாம் என்றார்.

ஆண்களுக்கு ஊறுகிற ஒரு சுரப்புதான் இந்த நோய்க்குத் தீனியாம். அதை நிறுத்துவதற்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடலாம், அல்லது விதைகளை எடுத்துவிடலாம்.

"எடுத்துருங்க சார். எனக்கு ரெண்டு பேரப்பிள்ளைங்க இருக்காங்க. இனி அந்தக் கடையத் தொறந்து வெச்சு என்ன பண்றதுங்க" என்றேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். என் மனைவி சுவரில் தொங்கிய காலண்டரை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் முடிந்து கிளம்பும்போது டாக்டர் மூன்று கட்டளை போட்டார். கீழே விழக்கூடாது. பாரம் தூக்கக்கூடாது. சும்மா படுத்துக் கிடக்கக்கூடாது. இந்த வைத்தியத்தில் எலும்பும் சதையும் மெலியும், அதனால் தினமும் நடக்க வேண்டும், முடிந்தவரை நின்று வேலை செய்ய வேண்டும் என்றார். என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "நல்ல வேலைதானே, போங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றியது. நோய் என்ன ஆகும் என்பது என் கையில் இல்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அந்த மேசைதான். இருக்கிற வரைக்கும் அதன் முன்னால் நிற்க வேண்டும்.

அதில்தான் ஒரு சிக்கல். எங்கள் பக்கத்தில் கேன்சர் என்ற பேச்சு வெளியே வந்துவிட்டால், அந்த ஆளை உயிரோடு இருக்கும்போதே சுவரில் மாட்டிவிடுவார்கள். ஆரஞ்சுப் பழத்தோடு வந்து குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். எங்கள் முதலாளியோ ரொம்ப நல்ல மனுஷன். நல்ல மனுஷன் என்பதுதான் பயம். தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதனால் கம்பெனியில் குடலிறக்கம் என்று சொல்லிவிட்டேன். ஆபரேஷன் நடந்த இடமும் ஏறக்குறைய அதே வட்டாரம்தானே, முழுப் பொய்யும் இல்லை. பாரம் தூக்காமல் இருப்பதற்கும் அது ஒரு காரணமாயிற்று.

"பொய் சொல்லீட்டுப் போயி அங்க நின்னாத்தானா? ஊட்டுல சித்த ரெஸ்ட் எடுத்தா ஆகாதுங்களா?" என்று மனைவி ஒரு மாதம் மல்லுக்கட்டினாள். நான் கேட்கவில்லை.

வீட்டிலிருந்து கம்பெனிக்கு நடந்தே போக ஆரம்பித்தேன். முன்பெல்லாம் மொபெட்டில் போனவன். பேக்கரி, பள்ளிக்கூடம், பிறகு ஓடைப்பாலம். பாலத்தில் நின்று அன்றைக்கு ஓடுகிற சாயத்தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பேன். பச்சை ஓடினால் ஊரில் யாருக்கோ பச்சை ஆர்டர் என்று அர்த்தம். மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுகிற பயிற்சியும் செய்தேன். உடம்பு சொன்னபடி கேட்டது. இரண்டு மாதத்தில் இடுப்பு வலி பாதியாகக் குறைந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த வேர்வை வந்தது.

சாதாரண வேர்வை இல்லை அது. சும்மா நின்றுகொண்டிருக்கும்போதே நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு மூட்டுவார்கள். சூடு கழுத்துக்கு ஏறும், காது எரியும், அடுத்த நிமிஷம் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் அடங்கி உடம்பு சில்லிட்டுப் போகும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. ஆபரேஷனுக்குப் பிறகு இப்படி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்தான். நான்தான் காதில் வாங்கவில்லை. தலைக்கு மேலே நாலு ஃபேன் சும்மா தொங்குகிறது, நான் போட்ட சட்டத்தில் நானே வேகிறேன்.

ஒரு நாள் குழந்தைகள் சட்டைக்கு இளநீலத் துணி விரித்திருந்தோம். கோடு போட்டு முடித்தபோது பதினோரு மணி டீக்கு மணி அடித்தது. வழக்கமாக, விரித்த துணியை விட்டுப் போகும்போது நாலு மூலையிலும் இரும்புக் கட்டைகளை வைத்துவிட்டுத்தான் போவோம். ஹெல்பர்கள் என்னை நம்பி ஓடிவிட்டார்கள். கட்டையை நான் தூக்கக்கூடாது. கூப்பிட்டு வைக்கச் சொல்லியிருக்கலாம். அதற்குள் அடுப்பு மூண்டுவிட்டது. சுற்றும்முற்றும் பார்த்தேன். யாருமில்லை. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அந்தச் சுவிட்சைப் போட்டேன்.

அந்த நான்கு நிமிஷம் இருக்கிறதே, சொர்க்கம். சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு ஃபேனுக்கு நேர் கீழே கண்ணை மூடி நின்றேன். ஹெல்பர்கள் வருகிற சத்தம் கேட்டதும் அணைத்தேன். துணியைப் பார்த்தேன். கோடு நேராகத்தான் இருந்தது. மிஷினை எடுத்து வெட்டிவிட்டேன்.

கோடு நேராகத்தான் இருக்கும். அது மேல் துணியில் அல்லவா இருக்கிறது! மேலே இருந்த அடுக்குகள் நகர்ந்தபோது கோடும் கூடவே நகர்ந்துவிட்டது. நகராமல் கிடந்த கீழ் அடுக்குகளில்தான் அந்தக் கோட்டுக்கு நேராக ஓரத்தில் துணி இல்லை. வேலை கற்க வருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் நான் சொல்லித்தருகிற பாடம் இது.

மறுநாள் மத்தியானம், தைத்து முடிந்த சட்டைகளைப் பரிசோதிக்கிற செக்கிங் பகுதியிலிருந்து அக்கா வந்தார். எல்லோருக்குமே அவர் அக்காதான். ஐம்பது வயதிருக்கும், குண்டடம் பக்கத்துக்காரர். கண்ணால் பார்த்தே அரை விரல்கடை வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார். கையில் ஒரு கட்டு இளநீலச் சட்டை.

"ஏனுங்கண்ணா, இது பூராவும் எடது தோளு கொறச்சலா இருக்குதுங்க. முப்பது பீசுக்கு மேல வரும். மொதலாளிகிட்டப் போறதுக்கு முன்னால உங்ககிட்டச் சொல்லலாம்னு வந்தனுங்க."

"தைக்கிறவங்க தப்பாத் தெச்சிருப்பாங்க."

"தையலு நல்லாத்தான் இருக்குதுங்க. யாராச்சும் ஃபேன் போட்டாங்களாங்க?"

"என்ற ரூம்ல ஃபேனா? யாருகிட்டப் பேசறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?" என்று கத்தினேன். தப்புச் செய்தவனுக்குக் குரல் பெரிதாகத்தானே வரும். கத்திய சூட்டிலேயே அந்த வேர்வையும் கிளம்பிவிட்டது. நெற்றியிலிருந்து சொட்டியது. அக்கா சட்டைக்கட்டை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"நெஞ்சுல இருந்து மேல ஏறுதுங்களா?"

நான் சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்தேன்.

"காது எரியுதுங்களா? இன்னுஞ் சித்த நேரத்துல குளுருமுங்களே?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் ரெண்டு வருசமா வருதுங்களே. செக்கிங்ல பாதிப்பேருக்கு வருதுங்க, மாசாமாசம் வர்றது நிக்கற வயசுக்கு. ஆனா ஒண்ணுங்கண்ணா, கொடலெறக்கத்துக்கு இது வராதுங்க."

வீட்டுக்கு வெளியே நான் உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். எந்த ஆபரேஷன், எதற்காக, எலும்பு வரை போனது, எல்லாவற்றையும் சொன்னேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது.

"மன்னிச்சுக்கங்கண்ணா. சீக்குக்குச் சிரிக்கலீங்க. உங்களுக்குப் போயி பொம்பளைங்க வேர்வ வந்துருச்சேன்னு..."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நோய் வந்த பிறகு நான் வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான். ஈரத்துணியைப் பின்கழுத்தில் போட்டால் கேட்கும், காரம் ஆகாது, டீயை ஆற்றிக் குடிக்க வேண்டும் என்று கைவைத்தியமெல்லாம் சொல்லிக் கொடுத்தார். கட்டிங் வேஸ்டிலிருந்து ஒரு துணியை நனைத்து அவரே கொண்டுவந்து தந்தார்.

சட்டைக் கதை அத்தோடு முடியவில்லை. சாயங்காலம் முதலாளி கட்டிங் அறைக்கு வந்தார். கையில் அதே சட்டை. நேராக பீகார்க்காரனிடம் போனார்.

"ஃபேன் போட்டியா?"

"நை சேட்! நான் இல்லே! ஃபேன் போடாதே!" என்று அவன் பாவம், தெரிந்த தமிழையெல்லாம் கொட்டினான். முகம் வெளுத்துவிட்டது.

எனக்கு அந்த நிமிஷத்தில் இரண்டு வழி இருந்தது. பேசாமல் இருந்தால் மேசை எனக்கு. அவன் திட்டு வாங்குவான், அவ்வளவுதான். ஆனால் அவன் என்னைப் பார்த்தான். இருபத்தாறு வருஷம் அந்த அறையில் நான் திட்டியிருக்கிறேன், ஆனால் என் தப்புக்கு அடுத்தவனைத் திட்டவிட்டதில்லை.

"அவன் இல்லீங்க. நாந்தானுங்க போட்டேன்" என்றேன்.

முதலாளி நம்பவில்லை. நான் யாரையோ காப்பாற்றுவதாக நினைத்தார். நம்பவைப்பதற்காகவே முழுக்கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டு முடித்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. நான் பயந்தது இதற்குத்தான்.

"இத்தனை பெரிய சீக்க வெச்சுக்கிட்டு நின்னு வேலை பாத்திருக்கறீங்களே மாஸ்டர். போதுமுங்க. ஊட்டுல நிம்மதியா இருங்க. எதா இருந்தாலும் நான் பாத்துக்கறனுங்க."

அந்தச் சட்டைகளைப் பிரித்து அடுத்த சின்ன சைஸுக்கு வெட்டிக்கொண்டார்கள். மிச்சம் குறைச்சரக்கு விற்கிற காதர்பேட்டைக்குப் போயிற்று. துணிக்கு ஒரு வழி பிறந்தது. நான்தான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதல் வாரம் வீட்டைத் திருத்தினேன். சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினேன். துண்டுகளின் ஓரத்தை நேராக வெட்டினேன். பாத்திரம் கழுவுவதில் இன்னும் வேகம் வேண்டும் என்று சொன்னபோது என் மனைவி கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள், அத்தோடு நிறுத்திக்கொண்டேன். காலை நடை தொடர்ந்தது. ஆனால் போய்ச் சேர ஒரு இடமில்லாத நடை அலுத்துவிட்டது. பாலம் வரை போய்த் திரும்பினேன். பிறகு பேக்கரி வரை. இரண்டாவது வாரத்தில் மத்தியானம் படுக்க ஆரம்பித்தேன். அதற்கப்புறம் காலையிலேயே படுத்தேன். இடுப்பு வலி பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

அது தினமும் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம். ஒரு மத்தியானம் கரண்ட் இல்லாத நேரத்தில் எனக்கு அடுப்பு மூண்டது. என் மனைவி ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள். சட்டையின் முதுகுப் பக்கத்துக்கு நான் வெட்டிய பழைய அட்டை அது. எந்தக் காலத்திலோ வீட்டுக்கு வந்து, சோற்றுப்பானையை மூடுவதற்கு அவளிடம் பயன்பட்டுக்கொண்டிருந்தது.

கொஞ்சம் ஆறியதும் கேட்டேன். "ஏம்புள்ள, உனக்கும் அந்த வயசுல இப்படித்தான் வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"எத்தனை நாளு?"

"அஞ்சு வருசம்."

ஐந்து வருஷம்! ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது. இல்லை, தெரியும். தாராபுரத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். முகூர்த்த நேரம். பட்டுப்புடவையில் இவள் முகம் சிவந்து, வேர்த்து வழிய, என் காதோரம் வந்து "சித்த வெளிய போயி நின்னுட்டு வரட்டுங்களா?" என்று கேட்டாள். "எல்லாருக்குந்தான் வேர்க்குது, உனக்கு மட்டும் தனி வெயிலா?" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் பந்தி முடியும்வரை முந்தானையால் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

"அன்னைக்குக் கல்யாணத்துல நான் சொன்னது தப்பு புள்ள" என்றேன்.

விசிறுவதை நிறுத்தாமலே, "எந்தக் கல்யாணமுங்க?" என்றாள்.

சொன்னேன்.

"ஓ, அந்த ஒண்ணு மட்டுந்தான் ஞாபகத்துல இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

எனக்கு அவமானமாக இருந்தது. அவள் முகத்தில் கோபம் இல்லை, அதனால் இன்னும் கூடுதலாக இருந்தது. கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. அவள் அட்டையைக் கொண்டுபோய்ச் சோற்றுப்பானைமேல் வைத்தாள்.

மறுநாள் ரேஷன் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள் வெறும் பையோடு திரும்பி வந்தாள். சாயங்காலம் முதலாளி போன் செய்தார். நாளைக்கு வாங்க, காலை மட்டும் வேலை, ஒரு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்றார். என் மனைவி அங்கே போய் என்ன சொன்னாள் என்பதைப் பிற்பாடு அவரே சொல்லிச் சிரித்தார். "இவரு ஊட்டுலயே இருந்தா எனக்கு ஒரு சீக்கு வந்துருமுங்க" என்று தொடங்கினாளாம். அவர் சமாதானம் சொல்லப் போக, "நின்னா இருப்பாருங்க. படுத்தாப் போயிருவாருங்க. நீங்க நல்லது நெனச்சுத்தான் அனுப்புனீங்க, நானும் அதேதான் நெனச்சேன். ரெண்டு பேருக்குந் தெரியலீங்க" என்றாளாம். இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கம்பெனிக் கேட்டைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

நான் திரும்பிப் போன அன்று கட்டிங் அறையில் ஒரு புதுச் சட்டம் தயாராக இருந்தது. அக்காவும் பீகார்க்காரனும் சேர்ந்து போட்ட சட்டம். எனக்கு வேர்க்க ஆரம்பித்ததும் அவன், "மாஸ்டர்ஜிக்கு கரம்!" என்று ஒரு சத்தம் கொடுப்பான். கரம் என்றால் அவன் பாஷையில் சூடு. ஹெல்பர்கள் இரும்புக் கட்டைகளை மூலைக்கு ஒன்றாக வைத்து, ஓரங்களில் மரச்சட்டங்களைப் போட்டு அமுக்குவார்கள். பிறகு ஃபேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் செக்கிங்கிலிருந்து அக்காவும் இன்னும் மூன்று நான்கு பெண்களும் எழுந்து வந்து என்னோடு ஃபேனுக்குக் கீழே நிற்பார்கள். ஐந்து நிமிஷம். அணைத்துவிட்டு, மேல் அடுக்கிலிருந்து கையால் தடவிச் சரிபார்த்துவிட்டு வெட்டுவோம். அதற்குப் பிறகு ஒரு தோள்கூடக் கோணவில்லை.

இது நடந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. போன தடவை ரத்தப் பரிசோதனையில், நோயின் அளவைக் காட்டுகிற எண் மறுபடி ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். கேட்குமா என்று தெரியவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். பயம் இல்லை என்று சொன்னால் அது பொய். வீட்டில் உட்கார்ந்து பயப்படுவதைவிட, அட்டையைத் துணியில் வைத்துக்கொண்டே பயப்படுவது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது.

ஒரு மணிக்கு என்னைக் கூட்டிப்போக மனைவி தினமும் நடந்தே வருவாள். கூச்சத்தில் கேட்டுக்கு வெளியிலேயே நிற்பாள். போன மாதம் ஒரு நாள், மணி ஒன்றைத் தாண்டியும் வேலை முடியவில்லை. நான் வரவில்லை என்று பயந்து அறை வாசல் வரைக்கும் வந்துவிட்டாள். சரியாக அந்த நேரத்தில் "மாஸ்டர்ஜிக்கு கரம்!" என்று குரல் எழுந்தது. கட்டைகள் விழுந்தன. ஃபேன் சுற்றியது. பெண்கள் சிரித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்கள். ஒரு ஆளுக்கு வேர்த்ததற்காக ஒரு கம்பெனியே வேலையை நிறுத்திவிட்டு நின்றதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். முந்தானையின் நுனியைக் கையில் பிடித்திருந்தாள்.

நான் போய் அவள் கையைப் பிடித்தேன். ஊர் பார்க்க அவள் கையைப் பிடித்தது எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

"உள்ள வா புள்ள. வந்து நில்லு."

"எனக்கு எதுக்குங்க? எனக்கெல்லாம் அந்த வேர்வ நின்னு பத்து வருசமாச்சுங்க."

"பரவாயில்ல. நில்லு."

அக்கா நகர்ந்து ஃபேனுக்கு நேர் கீழே இடம் விட்டார். என் மனைவி அங்கே வந்து நின்றாள். ஐந்து நிமிஷம் ஆகி, என் உடம்பு குளிர்ந்துவிட்டது. பீகார்க்காரன் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"இருக்கட்டும், இன்னும் சித்த நேரம் சுத்தட்டும்" என்றேன்.